மாதிரி எண் பதினேழு

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
பாலைச் சந்தேகப்படுவது என் வேலை.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து வரும்
டேங்கர் மேல் ஏறி, மூடி திறந்து,
நீளக் கரண்டியால் கலக்கி
வண்டிக்கு இருநூறு மில்லி எடுப்பேன்.
யூரியா இருக்கா, சோடா இருக்கா,
தண்ணி எவ்வளவு.
டிரைவர்கள் என்னைப் பால்காரம்மா என்கிறார்கள்.
எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்று
அவர்களுக்குத் தெரியாது.

பத்தரை மணிக்கு
வெள்ளைக் கோட்டில் இரண்டு ஈர வட்டம்.
ஷைலஜா சேச்சி கண்ணாலேயே பார்த்து,
"போயிட்டு வா மோளே,
லாரி அவிடெ நிக்கட்டே" என்பாள்.

ஆசிட் பாட்டில் அடுக்கிய ஸ்டோர் ரூமில்
கவிழ்த்த கேன் மேல் உட்கார்ந்து
பம்பைப் பொருத்துவேன்.
நாத்தனார் கலாமணி இரண்டு பிள்ளைக்கு ஓட்டியது.
மோட்டாருக்கு மூச்சிரைப்பு.
சில நாள் 'போதும்டி போதும்டி' என்னும்.
மாதம் பிறந்தால் 'வாடகை வாடகை'.

அதில் ஒரு வால்வு உண்டு.
கட்டைவிரல் நகமளவு ரப்பர்,
வாத்து மூக்கு மாதிரி பிளந்தது.
அது இல்லையென்றால் அத்தனை பெரிய பம்பு
வெறும் சத்தம்.
ஒரு ராத்திரி காணோம்.
திருமலைசாமி சிங்க் குழாயைக் கழற்றிப் பார்த்தார்.
நான் குப்பைக்கூடையைக் கொட்டிக் கிளறினேன்.
கடைசியில் தூளியை விலக்கினால்
மூடிய கைக்குள் வைத்துத் தூங்குகிறாள் வேனில்,
ஐந்து மாதத்துப் பிடி.
விரல் விரலாய்ப் பிரிப்பதற்குள்
எனக்கு வேர்த்துவிட்டது.

எடுத்த பாலை வைக்க வேறு இடமில்லை.
மாதிரிகள் இருக்கும் அதே ஃபிரிட்ஜ், மேல்தட்டு,
அடையாளத்துக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட்.
போன செவ்வாய் அது அறுந்து கிடந்திருக்கிறது.
புதிதாய்ச் சேர்ந்த ஜிதின்
பதினேழு என்று எண் ஒட்டி
மெஷினில் வைத்துவிட்டான்.

அது உறிஞ்சியது, யோசித்தது,
சீட்டைத் துப்பியது.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
புரதம் போதாது.
தண்ணீர் கலந்திருக்கலாம்.

"பதினேழாவது வண்டி எது? விடாதீங்க!"
ரோட்டுக்கே ஓடிவிட்டான் பையன்.
நான் ஜன்னலில் நின்று கையைத் தூக்கினேன்.

சேச்சி சிரித்துப் புரையேறி
வேப்பமரத்தடிக்குப் போய்த் தண்ணி குடித்தாள்.

கலப்படம் உண்மைதான் ஜிதின்.
ராத்திரி கரைத்த கம்மங்கூழ் அதில் இருக்கிறது.
முருங்கைக்கீரை இருக்கிறது.
ஸ்டேஷன் ரோட்டு பேக்கரியின் பழம்பொரி,
மாமியார் பார்க்காமல் தின்ற ஐஸ்கிரீம்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு
பஸ்ஸில் நின்றபடி தூங்கிய பத்து நிமிஷம்.
தண்ணீரும்தான்.
முதல் மாதம் காரணம் தெரியாமல் அழுததெல்லாம்
வேறெங்கே போயிருக்கும்?

வெள்ளிக்கிழமை ஒரு நீல ஐஸ்பெட்டி கொண்டுவந்தான்.
வீட்டில் சும்மா கிடந்ததாம்.
அடியில் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.
நான் பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் எல்லையில்
பஸ்ஸை நிறுத்தி ஏறிய காவலர்
பெட்டியில் என்ன என்றார்.
பால்.
எங்கே சோதிச்சது?
பர்ஸில் மடித்து வைத்திருந்த
பதினேழாம் சீட்டை நீட்டினேன்.
படித்தார். என் கோட்டைப் பார்த்தார்.
"இது... சரிங்க, போங்க" என்று
காது சிவந்து இறங்கிப் போனார்.

அம்பராம்பாளையத்தில் இறங்கி நடக்கையில்
தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டுவிடும்,
கேட்டதும் மார்பு தானாகக் கசியும்.
எந்த மெஷினும் எனக்கு இதைச் செய்ததில்லை.
செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்வேன்.
பெட்டியில் இருப்பது நாளைக்கு.
ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள்,
நடுவில் நிறுத்திச் சிரிப்பாள்,
சிரித்ததில் பாதி என் சேலைக்கு.
பேரேட்டில் ஏறாத கணக்கு.

ராத்திரி பம்பைப் பிரித்துக் கழுவி
துணியில் பரப்பி எண்ணினேன்.
எட்டுத் துண்டு இருக்க வேண்டும்.
ஏழுதான்.

விளக்கைப் போடாமல்
தூளிப் பக்கம் போகிறேன்.